ஒன்பது ‘சி’க்கு வந்துபோன டீச்சர்கள்

ஜூன் 10

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? எக்ஸ்ரே அறையில் அந்தக் கனத்த அங்கியை நாள் முழுக்க மாட்டிக்கொண்டு நிற்காதே என்று உன் அம்மா சொல்லச் சொன்னார். அத்தைக்கு மூட்டுவலி போய்விட்டது. இப்போது தோள்பட்டைக்குக் குடி வந்திருக்கிறது.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, அத்தையும் கூடத்தில் இருக்கிறார். செல்போனில் பேசலாம் என்றால் இந்த வீட்டில் எந்த மூலையில் பேசினாலும் ‘யாரு, என் பொண்ணா? குடு குடு’ என்று கை நீளும். உன்னோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசியதை எல்லாம் மாமியார் முன்னால் பேச முடியுமா?

விஷயம் ஒன்றுமில்லை. அந்தப் பெண்கள் பள்ளியிலும் பதில் இல்லை. நேர்முகம் நடந்தது, மாதிரி வகுப்பு எடுத்தேன், பிள்ளைகள் கை தூக்கினார்கள், பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா தலையாட்டினார். ‘சொல்லி அனுப்புறோம்’ என்றார்கள். அவ்வளவுதான், கிணற்றில் போட்ட கல். நான் வேலை பார்த்த பள்ளியை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. எட்டு வருஷம் வேதியியல் எடுத்தவள். இதுவரை போன பள்ளி எதிலும் வேண்டாம் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

முதலில் அழுதேன். இப்போது அழுகை வருவதில்லை. பாத்திரம் துலக்கும்போது யோசிப்பேன். குரல் போதவில்லையா, வயது அதிகமா, கட்டிக்கொண்டு போன சேலை சரியில்லையா? அன்று ஒரு பெண் கேட்ட கேள்விக்கு ‘அப்புறம் சொல்றேன்’ என்றேனே, அதுவா? வேலை கிடைக்காவிட்டால் போகட்டும், என்னிடம் என்ன குறை என்று மட்டும் யாராவது சொன்னால் போதும் என்று ஆகிவிட்டது.

உன் அண்ணன் கடைக்குப் போகிறார், பிறர் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறார், வருகிறார். ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஜூன் 22

மகாராணி அண்ணியார் சமூகத்துக்கு,

உன் நாத்தனார் நலம், முதுகைத் தவிர. அம்மாவிடம் தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே, நீ சொன்னதாகவே சொல். அப்போதுதான் எதிர்த்துப் பேச ஒரு காரணம் கிடைத்து அவருக்குத் தெம்பு வரும்.

குரல் போதவில்லையா? அடியே, கல்லூரியில் நீ கடைசி பெஞ்சில் கிசுகிசுத்தது முன்வரிசைக்குக் கேட்டு நான்தானே வெளியே நின்றேன்! சேலையாம், வயதாம். உட்கார்ந்து உன்மேல் நீயே குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டிருக்கிறாய்.

ஆனாலும் உன் கடிதத்தைப் படித்ததும் என் வேலை நினைவு வந்தது. படம் எடுத்து முடித்ததும் ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். ‘என்னம்மா இருக்கு? எலும்பு உடைஞ்சிருக்கா?’ திரையில் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நான் சொல்லக் கூடாது. ‘டாக்டர் சொல்வார்’ என்று கதவைத் திறந்துவிட வேண்டும், அதுதான் விதி. முதல் வருஷம் அந்த முகங்கள் கூடவே வீட்டுக்கு வரும். இப்போது வருவதில்லை. உனக்குத் தலையாட்டிய அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் பழகிப் போயிருக்கும் என்று வைத்துக்கொள்.

அண்ணன் கேட்காவிட்டால் என்ன, நீயாகச் சொல்லேன். அவன் சிறு வயதிலிருந்தே அப்படித்தான், பேச வைக்க இரண்டு பேர் பிடித்து உலுக்க வேண்டும்.

விடாமல் விண்ணப்பம் போடு. நன்றாகச் சாப்பிடு.

நாத்தனார்


ஜூலை 9

அன்பு நாத்தனாருக்கு,

நலம். நீ நலமா? அத்தை வெந்நீர் ஒத்தடத்தை எதிர்த்துவிட்டார். நீ சொன்னபடியே தெம்பாக இருக்கிறார்.

மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் பெரிய பள்ளி ஒன்று இருக்கிறதே, அங்கிருந்து அழைப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்பு ‘சி’ பிரிவில் மாதிரி வகுப்பு. என்ன பாடம் என்று கேட்டேன். துணை முதல்வர், ‘அமிலம், காரம். அவங்க எங்க நிக்கிறாங்கன்னு பிள்ளைங்களையே கேட்டுக்கோங்க’ என்றார். வகுப்புத் தலைவி என்று ஒரு பெண், கட்டைக்குரல், இடுப்பில் கை. நான் குட்டி இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். எழுந்து நின்று, ‘போன வாரம் வந்த சார் லிட்மஸ் தாள் வரைக்கும் எடுத்தாரு மிஸ். பாதியில பெல் அடிச்சிடுச்சு’ என்றாள். நானும் லிட்மஸ் தாளிலிருந்தே பிடித்தேன்.

வகுப்பு நன்றாகப் போனது. நன்றாகப் போனது என்று சொல்லவே இப்போது பயமாக இருக்கிறது, எல்லாம் அப்படித்தானே போயின. ஆனால் கேள், இரண்டாம் தடவை கூப்பிட்டிருக்கிறார்கள்! ‘இன்னொரு டெமோ பார்க்கணும், அடுத்த பாடம் தயார் பண்ணிட்டு வாங்க’ என்று துணை முதல்வரே போன் செய்தார். இதுவரை யாரும் என்னை இரண்டாம் தடவை கூப்பிட்டதில்லை.

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. மரத்துப்போன காலைக் கிள்ளினால் எங்கோ தூரத்தில் கிள்ளுவது போல இருக்குமே, அப்படி இருக்கிறது. வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


ஜூலை 20

அன்பு அண்ணிக்கு,

நலம். இங்கே ஒரே மழை, வழுக்கி விழுந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், எனக்கு நிற்க நேரமில்லை.

இரண்டாம் டெமோ என்னாயிற்று? போன வாரம் வந்த சார் யார்? அவரும் டெமோவுக்கு வந்தவரா? அந்த வகுப்புக்கு வேதியியலுக்கென்று நிரந்தரமாக யாரும் இருக்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன். ஆர்டர் வந்தால் உடனே எழுது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

நாத்தனார்


ஆகஸ்ட் 18

அன்பு நாத்தனாருக்கு,

எல்லாரும் நலம். வழுக்கி விழுந்தவர்கள் எழுந்துவிட்டார்களா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

ஒன்பது ‘சி’ சரியான வானரப் பட்டாளம். சமன்பாடு சமன் செய்வதை ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் அணுக்கள் சமமாக வர வேண்டும் என்றால் ஒருவன் எழுந்து, ‘ஏன் மிஸ், விட்டுட்டா என்ன ஆயிடும்?’ என்கிறான். குட்டி இன்ஸ்பெக்டர் அவனை உட்கார வைத்தாள். மஞ்சள் தண்ணீரில் சோப்பைக் கரைத்துச் சிவப்பாக்கிக் காட்டினேன். அன்று முழுக்க வகுப்பே பள்ளியிலிருந்த சோப்பையெல்லாம் காலி செய்துவிட்டதாம். வராந்தாவில் ஆயா என்னைப் பார்த்து முறைத்தார்.

இடது பக்க ஜன்னலோரம் ஒரு பெண் வாயே திறக்க மாட்டாள். நேற்று அவளாக வந்து, விடையை என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினாள். சரியாக இருந்தது.

உன் அண்ணன் எனக்குப் புதுப் பை வாங்கி வந்திருக்கிறார். கறுப்பு நிறம், உள்ளே நிறைய அறைகள். அத்தைக்குத் தோள்பட்டை பரவாயில்லை.

இங்கேயும் மழைதான்.

அண்ணி


செப்டம்பர் 2

அண்ணியாரே,

நலமெல்லாம் அப்புறம். நேற்று அம்மா போனில், ‘உன் அண்ணிக்கு வேலை கிடைச்சிருச்சுடி, மணிக்கூண்டு பள்ளிக்கூடத்துல! தெரு முழுக்க இனிப்பு குடுத்தாச்சு’ என்றார். என்னடி இது! தெருவுக்கெல்லாம் இனிப்பு, எனக்கு ஆயாவும் சோப்பும் கதையா? உன்னை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவளே நான்தான், நினைவிருக்கட்டும்.

வாழ்த்து. மனதார வாழ்த்து. ஆனால் அம்மா இன்னொன்றும் சொன்னார். ‘செவ்வாயும் வெள்ளியும் மட்டும் போறா. பெரிய பள்ளிக்கூடம்னா அப்படித்தானாம். சம்பளம்கூட மூணு மாசம் கழிச்சுதானாம்.’ அது எந்த ஊர் வழக்கம்? உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆயா இருக்கிறார், பைகூட இருக்கிறது. ஆர்டர் வந்தது என்று ஒரு வரி இல்லையே!

எழுது.

நாத்தனார்


அக்டோபர் 15

அண்ணிக்கு,

நீ நலம் என்று அம்மா சொல்லித்தான் தெரிகிறது. இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

சரி, நானே சொல்கிறேன். ஜூலையில் உன் கடிதத்தைப் படித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. போன வாரம் ஒரு சார், இந்த வாரம் நீ, அடுத்த பாடத்துக்கு மறுபடி டெமோ. அந்த வகுப்புக்கு அவர்கள் டீச்சரே போடவில்லை. வேலைக்கு விண்ணப்பித்து வருகிறவர்களை வைத்தே பாடத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீ இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் பார்த்துக்கொண்டே நான், சும்மாதான் கேட்கிறேன் என்று எழுதினேன். பார்த்ததைச் சொல்லாமல் கதவைத் திறந்துவிடுவது எனக்குக் கைவந்த பழக்கமாகிவிட்டது. என்னை மன்னித்துவிடு, ஆனால் பதில் போடு.

உன் நாத்தனார்


அக்டோபர் 28

அன்பு நாத்தனாருக்கு,

உன் மேல் கோபமில்லை. எனக்கும் தெரியும். நாலாவது டெமோவின்போது தெரிந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்து பார்க்க யாருமே வரவில்லை. யாரும் பார்க்காத மாதிரி வகுப்பு எங்கேயாவது உண்டா? தெரிந்த பிறகும் போனேன்.

வேலை கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் தடவை கிளம்பும்போது அத்தை, ‘அப்ப வேலை கிடைச்சிருச்சா?’ என்றார். நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். ‘ம்’ என்றேன். வெறும் ‘ம்’தான். திரும்பி வருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது, உன் அண்ணன் பை வாங்கிவிட்டார். சம்பளக் கதையை அப்புறம் நானே கட்டினேன்.

ஏன் போனேன் என்று கேட்காதே. கையில் சாக்பீஸ் இருக்கிற அந்த முக்கால் மணி நேரம் மட்டும்தான் நான் உயிரோடு இருப்பது எனக்குத் தெரிகிறது. மற்ற நேரமெல்லாம் நடக்கிறேன், சமைக்கிறேன், கேட்டால் பதில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

போன செவ்வாய் துணை முதல்வர் அறைக்குப் போய் நின்றேன். கேட்டுவிட்டேன். ‘சார், என்கிட்ட என்ன குறை? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, திருத்திக்கிறேன்.’ அவர் நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர்தான், நாற்காலியைக் காட்டினார். ‘குறையா? ஒண்ணுமே இல்லையே டீச்சர். வந்தவங்கள்லயே நீங்கதான் நல்லா எடுக்கிறீங்க. பிள்ளைங்க உங்களைத்தான் கேக்குறாங்க’ என்றார். ‘அப்ப ஆர்டர்?’ என்றேன். ‘அது மேலிடம் முடிவு பண்றது. வெள்ளிக்கிழமை வர்றீங்கல்ல?’ என்றார்.

ஒரு வருஷமாகத் தேடிய குறை, ஒன்றுமே இல்லையாம். குறை இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் அவர் வேறு வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் சொல்லிவிட்டேன். உன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். ‘சரி, முதல்ல சாப்பிடு’ என்றார். தட்டில் போட்டதும் அவரே. அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனார். அப்புறம், ‘அப்ப வெள்ளிக்கிழமை போறியா இல்லையா? குழம்பு எவ்வளவு வைக்கட்டும்?’ என்று கேட்டார்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


நவம்பர் 6

அண்ணி,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, ரத்தம்தான் கொதிக்கிறது. நல்ல மனிதராம், நாற்காலியைக் காட்டினாராம்! உன் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள், நீ தலையை வாகாகக் குனிந்து கொடுக்கிறாய். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா?

இனிமேல் அந்த வாசலை மிதிக்காதே. ஒரு நாள் நீ போகாமல் இருந்து பார். அப்போது தெரியும் அவர்களுக்கு. அலறி அடித்துக்கொண்டு போன் செய்வார்கள், அப்போது பேசு ஆர்டரைப் பற்றி. அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன். அவன் ‘ம்’ என்றான். உங்கள் வீட்டில் ‘ம்’தான் எல்லாவற்றுக்கும் பதில் போல.

நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். அதை மறக்காதே.

நாத்தனார்


டிசம்பர் 14

அன்பு நாத்தனாருக்கு,

எல்லாரும் நலம். இந்த முறை எழுத நேரமில்லை என்று சொல்ல மாட்டேன், நேரம் நிறைய இருந்தது.

நீ சொன்னபடி போகவில்லை. செவ்வாய் போனது, வெள்ளி போனது. போன் அடிக்கும்போதெல்லாம் அத்தை என்னைப் பார்ப்பார். ஒருவரும் கூப்பிடவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க அந்தப் பள்ளியில் ஓர் ஆள் இல்லை. நீ போட்ட கணக்கு தப்பாகிவிட்டது, பரவாயில்லை, நானும் உள்ளூர அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் இப்படியே போனது. பையை அலமாரி மேலே வைத்துவிட்டேன்.

போன வாரம் காய்கறிக் கடையில் பின்னாலிருந்து, ‘மிஸ்’ என்று கட்டைக்குரல். குட்டி இன்ஸ்பெக்டர். அவள் அம்மா எடை போட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பெண் இடுப்பில் கை வைக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, ‘எங்க கிளாஸ் ரொம்ப சத்தமா மிஸ்?’ என்றாள். எனக்குப் புரியவில்லை. ‘இல்ல மிஸ், நாங்க பேசிக்கிட்டோம். அந்த சோப்பு விஷயத்துல உங்களைத் திட்டிட்டாங்கன்னு பசங்க சொல்றாங்க. சமன்பாடு டெஸ்ட்ல பாதிப் பேரு முட்டை வாங்கினோம், அதான் நீங்க வெறுத்துப் போயிட்டீங்கன்னு சில பேரு. ஜன்னலோரத்துல இருக்கால்ல, அவ தன்னாலதான்னு அழுதா மிஸ். உங்க கையில எழுதினது உங்களுக்குப் பிடிக்கலன்னு நினைக்கிறா.’

கையிலிருந்த தக்காளியை அப்படியே வைத்துவிட்டேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே நான் ஒரு வருஷம் யோசித்ததைத்தான் ஒரு வகுப்பே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறது. எனக்குச் செய்ததை நான் அவர்களுக்குச் செய்துவிட்டேன், ஒரு வார்த்தை சொல்லாமல்.

வெள்ளிக்கிழமை போனேன். வாட்ச்மேன் வழக்கம்போல வணக்கம் வைத்துக் கதவைத் திறந்தார், அவருக்கு நான் இன்னும் டீச்சர்தான். ஒன்பது ‘சி’யில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கரும்பலகை முன்னால் ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், இஸ்திரி போட்ட சேலை, கையில் சாக்பீஸ். பின்னால் யாரும் இல்லை. ‘பிள்ளைங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசிக்கலாமா?’ என்றேன். தலையாட்டினாள்.

சொன்னேன். வராததற்கு அவர்கள் காரணமில்லை என்று சொன்னேன். சத்தமும் இல்லை, சோப்பும் இல்லை, முட்டையும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, கையில் எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்தது என்று சொன்னேன். நான் இந்தப் பள்ளி டீச்சரே இல்லை, வேலைக்கு வந்து பார்த்தவள், வேலை தரவில்லை, அதனால் வரவில்லை என்று சொன்னேன். ‘விட்டுட்டா என்ன ஆயிடும்’ என்று கேட்டானே, அவன்தான், ‘ஏன் தரல மிஸ்?’ என்றான். ‘எனக்கே சொல்லலடா’ என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பெண் முன்னாலேயே எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறோமே என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மெதுவாக, ‘எனக்கு இது மூணாவது டெமோ மிஸ்’ என்றாள். சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள்.

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வகுப்பு முடியும்வரை கேட்டேன். அணுக்கள் எப்படிச் சேர்கின்றன என்று எடுத்தாள். நான் போயிருந்தால் அடுத்து எடுக்க வேண்டிய பாடம் அது.

மணி அடித்ததும் வராந்தாவில் அவளாகவே வந்தாள். ‘எப்படி இருந்துச்சு மிஸ்? நிஜமா சொல்லுங்க. இதுவரைக்கும் எட்டு ஸ்கூல்ல எடுத்துட்டேன், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க’ என்றாள். நான் சொன்னேன். ‘உதாரணமெல்லாம் நல்லா இருக்கு. ஆனா போர்டைப் பார்த்தே பேசுறே, பின்னாடி பெஞ்சுக்குக் கேக்கல. எழுதி முடிச்சிட்டுத் திரும்பிப் பேசு. கேள்வி கேட்டா உடனே நீயே பதில் சொல்லிடறே, கொஞ்சம் காத்திரு, சொல்லுவாங்க.’ அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கண் கலங்கிவிட்டது. திட்டினேனோ என்று பயந்தேன். இல்லையாம், ‘தேங்க்ஸ் மிஸ், தேங்க்ஸ்’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ‘இதையெல்லாம் திருத்தினாலும் இங்க உனக்கு ஆர்டர் வராது, அது உன்னால இல்ல’ என்றேன். என்னைப் பற்றி நானே நம்பாத அந்த வார்த்தை, அவளிடம் எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா?

வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்று அழுதேன். ஒரு வருஷத்து அழுகை. உன் அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். ‘சத்தமா அழு, பரவாயில்ல’ என்றார். அத்தை கூடத்திலிருந்து டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. கையை விடுவதற்கு முன்னால் அந்தப் பெண் கேட்டாள், ‘அப்ப செவ்வாய்க்கிழமை நான் வரட்டுமா, வேண்டாமா மிஸ்?’ வராதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தோளுக்குப் பின்னால் ஜன்னல் முழுக்க ஒன்பது ‘சி’யின் முகங்கள். சொல்லாமலே வந்துவிட்டேன். அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிற மாதிரியே இருக்கிறது. நீயாக இருந்தால் என்னடி சொல்லியிருப்பாய்?

அண்ணி